தத்துப்பூச்சிச் சிற்றினங்களைப் பிரித்தறிதல்: நிறமும் உடற்கூறும்

நெல்வயலில் பச்சைத் தத்துப்பூச்சி என்று உழவர்களும் வேளாண் அலுவலர்களும் சுட்டுவது ஒரே பூச்சியை அன்று. நெஃபோடெட்டிக்ஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த, ஒன்றையொன்று பெரிதும் ஒத்த பல சிற்றினங்களை. தமிழ்நாட்டு வயல்களில் அவற்றுள் நெஃபோடெட்டிக்ஸ் வைரசென்ஸ், நெஃபோடெட்டிக்ஸ் நைக்ரோபிக்டஸ் ஆகிய இரண்டும் உள்ளன. இரவில் எரியும் விளக்குப்பொறியில் இரண்டும் கலந்தே விழுகின்றன. விழுந்தவற்றை எண்ணி எழுதும் பதிவேட்டில் பல வேளைகளில் இரண்டும் ஒரே எண்ணாகவே ஏறுகின்றன. ஆனால் நெற்பயிரைக் குட்டையாக்கி இலைகளை மஞ்சளும் ஆரஞ்சுமாக மாற்றும் துங்ரோ நோயைப் பரப்புவதில் இவை சமமானவை அல்ல. வைரசென்ஸ் அந்நோயின் முதன்மைப் பரப்பி. நைக்ரோபிக்டஸ் அதே வேலையை மிகக் குறைந்த திறனுடன் செய்வது, மேலும் நெல்லைப் போலவே புல்வகைகளிலும் நன்றாகத் தங்கி வாழ்வது. ஆகவே ஒரு வயலில் நூறு பச்சைத் தத்துப்பூச்சிகள் இருந்தன என்ற செய்தி, அந்த நூறில் எது எத்தனை என்று தெரியாதவரை, நோய் வருமா என்ற கேள்விக்குப் பாதி விடைகூட ஆகாது.

இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்ளும் பொருள், இவ்வாறு நெருங்கிய உறவுள்ள தத்துப்பூச்சிகளை உடலமைப்பைக் கொண்டு எவ்வாறு பிரித்தறிவது என்பதும், அவ்வாறு பிரிப்பதற்கு எந்த உறுப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் ஆகும். வெளிநிறத்தை நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நம்பிய காலம் அதன்பின் வந்து இன்றளவும் நீடிக்கிறது. இப்போது மரபணு வரிசையை நம்பும் காலம் தொடங்கியிருக்கிறது. இம்மூன்றில் நடுவிலுள்ளதே மிகப் பெரிய பயனை அளித்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அதுவும் சாட்சியாக நிற்கத் தக்கதே ஒழிய, தனித்து நின்று தீர்ப்பு வழங்கத் தக்கதன்று என்பதே இங்கு நிறுவப்பட இருக்கும் கருத்து.

தத்துப்பூச்சிகள் சிக்காடெல்லிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை; இக்குடும்பத்தில் இதுவரை 20,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. குடும்பத்தை அடையாளம் காண்பது கடினமன்று. பின்காலில் தொடைக்கு அடுத்து வரும் நீண்ட பகுதியான டிபியா நெடுகிலும் வரிசை வரிசையாக முட்கள் நிற்குமானால் அது தத்துப்பூச்சி. நெல்லின் தூர்ப்பகுதியில் கூட்டமாக இருந்து பயிரைக் கருகச் செய்யும் புகையானுக்கு இம்முள்வரிசைகள் இல்லை, அதற்கு மாறாக டிபியாவின் நுனியில் அசையக்கூடிய பெரிய குதிமுள் ஒன்று உண்டு. தத்துப்பூச்சியின் இம்முட்கள் வெறும் அலங்காரமல்ல. இக்குடும்பத்துப் பூச்சிகளின் கழிவுக்குழாய்ப் பகுதியில் சுரக்கும் ஒரு நீர்மத்தில் ப்ரோக்கோசோம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் மிதக்கின்றன. தோலுரித்தபின் பூச்சி அந்நீர்மத்தை இம்முட்கள் கொண்ட பின்கால்களால் உடலெங்கும் பூசிக்கொள்கிறது. நீரும் தன்னுடைய ஒட்டும் கழிவும் உடலில் படியாமல் இத்துகள்பூச்சு காக்கிறது. ஆராய்ச்சியாளருக்கு அது ஓரளவு தொல்லையும் தருகிறது, ஏனெனில் வெண்மை படர்ந்த பூச்சியில் உண்மையான நிறத்தைக் காண்பதற்கு முதலில் அப்பூச்சை நீக்க வேண்டும்.

குடும்பத்திலிருந்து சிற்றினத்துக்கு இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நெஃபோடெட்டிக்ஸ் பேரினத்தை 1902இல் ஜப்பானிய அறிஞர் மாட்சுமுரா நிறுவினார். அதன் முன்மாதிரிச் சிற்றினம் 1896இல் ஊலர் விவரித்த சிங்டிசெப்ஸ். ஜப்பானின் நெல்வயல்களில் நெல் குட்டை நோயைப் பரப்புவது இந்தச் சிங்டிசெப்ஸே. அதனுடன் வைரசென்ஸையும் நைக்ரோபிக்டஸையும் ஒரு தட்டில் வைத்தால், மூன்றும் 3 முதல் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள, வெளிர்பச்சை நிறமுள்ள, ஆணின் முன்னிறக்கை நுனி கறுத்த பூச்சிகளாகவே தோன்றும். கைலென்ஸின் கீழ்க் கொண்டுசென்றால் மூன்று இடங்களில் வேறுபாடு புலப்படும். முதலாவது, இரு கூட்டுக்கண்களுக்கும் இடையிலுள்ள தலையின் மேற்பரப்பு, அதாவது உச்சி. உச்சியின் முன்விளிம்பை ஒட்டி, விளிம்பைத் தொடாமல் சற்று உள்ளே தள்ளி, ஒரு கறுப்புப் பட்டை கண்ணிலிருந்து கண்வரை ஓடினால் அது நைக்ரோபிக்டஸாகவோ சிங்டிசெப்ஸாகவோ இருக்கலாம். வைரசென்ஸுக்கு அப்பட்டை இல்லை, அதன் தலையும் முன்புறம் சற்றுக் கூர்ந்து நீண்டிருக்கும். இரண்டாவது, தலைக்குப் பின்னால் மார்பின் முன்பகுதியை மூடியுள்ள முன்முதுகுத் தகடு. அத்தகட்டின் முன்விளிம்பும் கறுத்திருந்தால் அது நைக்ரோபிக்டஸ். உச்சியில் பட்டை இருந்தும் தகட்டின் விளிம்பு பச்சையாகவே இருந்தால் சிங்டிசெப்ஸ். மூன்றாவது, ஆணின் முன்னிறக்கை நடுவிலுள்ள கரும்புள்ளி. முன்னிறக்கையின் உட்புறத்தில், இறக்கைகள் மூடியிருக்கும்போது முதுகின் நடுக்கோட்டை ஒட்டி அமையும் நீண்ட முக்கோணப் பகுதி ஒன்றை ஒரு மடிப்புக்கோடு பிரிக்கிறது. நைக்ரோபிக்டஸின் புள்ளி அக்கோடுவரை நீண்டு அதைத் தொடும். வைரசென்ஸின் புள்ளி வழக்கமாக அதற்கு முன்பே நின்றுவிடும்.

இங்கே 'வழக்கமாக' என்ற சொல் கவனத்துக்குரியது. வைரசென்ஸ் ஆண்களுள் புள்ளி பெரிதாகி மடிப்புக்கோட்டை நெருங்கியவையும் உண்டு, புள்ளியே இல்லாதவையும் உண்டு. பெண் பூச்சிகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. இறக்கை நுனியும் கறுப்பாக இல்லாமல் மங்கிய பழுப்பாகவே இருக்கும். அண்மையில் தோலுரித்து வெளிவந்த பூச்சியில் கறுப்பு இன்னும் ஏறியிராது. பல ஆண்டுகள் பெட்டியில் இருந்த உலர்மாதிரியில் பச்சை மங்கி வைக்கோல் நிறமாகியிருக்கும். நிறக்குறிகளால் பயனில்லை என்று இதனால் கூறிவிட முடியாது. வயலில் நின்று நூற்றுக்கணக்கான பூச்சிகளை விரைந்து பிரிக்க வேண்டியவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அவை பெரும்பான்மையைப் பிரிக்கும் குறிகளே தவிர ஒவ்வொன்றையும் பிரிக்கும் குறிகள் அல்ல. ஐயத்துக்குரிய அந்தச் சிலவற்றிலேயே பெரும்பாலும் ஆராய்ச்சியின் முடிவு தங்கியிருக்கிறது.

நிறத்தை மட்டும் பார்த்து எழுதிய விவரணைகள் எத்தகைய குழப்பத்தை விட்டுச் செல்லும் என்பதற்கு இதே பேரினத்தின் பெயர் வரலாறு போதிய சான்று. வைரசென்ஸ் என்று இன்று அழைக்கப்படும் பூச்சியை 1908இல் டிஸ்டன்ட் விவரித்தார். பிரித்தானிய இந்தியாவின் விலங்குகளைப் பற்றிய பெருந்தொகுதி வரிசையில் இத்தகைய பூச்சிகளைப் பற்றிய நூல்களை எழுதியவர் அவரே. இந்தியாவிலும் இலங்கையிலும் பிடிக்கப்பட்டு லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான மாதிரிகள் அவர் கையில் சேர்ந்தன. அவருடைய உழைப்பின் அளவு வியப்பூட்டுவது. ஆனால் அவருடைய விவரணைகள் எங்கே பச்சை, எங்கே மஞ்சள், எங்கே கறுப்பு என்பதிலேயே பெரிதும் நின்றன. விளைவாக, பின்வந்தோர் தம் கையிலுள்ள பூச்சியை அவருடைய வரிகளோடு பொருத்திப் பார்க்க இயலாமல் போயினர். 1964இல் ஜப்பானிய அறிஞர் இஷிஹாரா அதே பூச்சிக்கு இம்பிக்டிசெப்ஸ் என்ற பெயரைச் சூட்டினார். பிலிப்பைன்ஸின் லோஸ் பானோஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ரிவேராவும் ஊவும் 1965இல் துங்ரோ தத்துப்பூச்சியால் பரவுகிறது என்று காட்டியபோது, பரப்பியின் பெயராக அச்சேறியது இந்த இம்பிக்டிசெப்ஸ். வேறு நூல்களில் பைபங்டேட்டஸ் என்ற பழைய பெயர் நடமாடியது. நைக்ரோபிக்டஸோ நெடுநாள் ஏபிகாலிஸ் என்றே வழங்கியது. ஆக, 1960களின் நோய்க் கட்டுரை ஒன்றை இன்று எடுத்துப் படிப்பவர், அதிலுள்ள பெயரை இன்றைய பெயராக மாற்றிக்கொள்ளாமல் ஒரு வரிகூட நகர முடியாது. மாற்றும்போதும், கட்டுரை எழுதியவர் தம் பூச்சியைச் சரியாகத்தான் அடையாளம் கண்டிருந்தாரா என்ற ஐயம் மட்டும் தீர்வதில்லை.

இக்குழப்பத்தைத் தீர்த்தது புதிதாகப் பூச்சி பிடித்தவரின் வேலை அன்று. பழைய பெட்டிகளைத் திறந்தவரின் வேலை. ஒரு சிற்றினத்தை முதன்முதலில் விவரிப்பவர் எந்த மாதிரியைப் பார்த்து எழுதினாரோ அம்மாதிரிக்கு வகைமாதிரி என்று பெயர். பெயர் குறித்த எந்த வழக்கிலும் இறுதிச் சான்று அதுவே. லண்டனில் காமன்வெல்த் பூச்சியியல் நிறுவனத்தைச் சேர்ந்த கௌரி, நெஃபோடெட்டிக்ஸ் பேரினம் முழுவதையும் வகைமாதிரிகளின் அடிப்படையிலேயே மீளாய்வு செய்து 1971இல் வெளியிட்டார். இம்பிக்டிசெப்ஸும் வைரசென்ஸும் ஒன்றே என்பதும், முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்ற விதிப்படி வைரசென்ஸ் என்பதே வழங்க வேண்டும் என்பதும் அதன் பின்னரே உறுதிப்பட்டன. அவர் அந்த மாதிரிகளில் தேடியது நிறத்தை மட்டும் அன்று. வயிற்றின் உள்ளே மறைந்திருந்த உறுப்புகளை.

அவ்வுறுப்புகளைக் காணும் முறை எளியதே எனினும் கைப்பழக்கம் வேண்டுவது. உலர்ந்த ஆண் பூச்சியின் வயிற்றுப் பகுதியை மட்டும் நுண்ணூசியால் மெல்ல நெம்பிக் கழற்றி, பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். அவசரமானால் சில நிமிடங்கள் சூடாக்கலாம். தசையும் கொழுப்பும் கரைந்துபோக, கைட்டினால் ஆன கெட்டியான பகுதிகள் மட்டும் தேன்நிறத்தில் எஞ்சும். அவற்றைத் தண்ணீரில் கழுவி, கிளிசரின் துளி ஒன்றில் இட்டு, நுண்ணோக்கியின் கீழ்ப் பக்கவாட்டிலும் பின்புறமிருந்தும் பார்க்க வேண்டும். கிளிசரினில் வைப்பதன் காரணம், உறுப்பை ஊசியால் எத்திசையிலும் திருப்பலாம் என்பதே. நிலையான பசையில் பதித்து மூடிவிட்டால் ஒரு கோணத்தில் மட்டுமே காண முடியும், தட்டையாக நசுங்கிய உறுப்பு வேறொரு சிற்றினத்தின் உறுப்பாகத் தோன்றவும் கூடும். பார்த்து முடித்தபின் அவ்வுறுப்பைக் கிளிசரின் நிரப்பிய மிகச் சிறிய குப்பியிலிட்டு, பூச்சி ஒட்டப்பட்டுள்ள முக்கோண அட்டைக்குக் கீழே அதே ஊசியில் செருகி வைப்பது மரபு. உறுப்பும் உடலும் பிரிந்துபோன மாதிரி, எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும், எதற்கும் சான்றாகாது.

கிளிசரினில் காணக் கிடைப்பவை ஐந்து பகுதிகள். வயிற்றின் ஒன்பதாம் கண்டம் இருபுறமும் மடல்போல் விரிந்து ஏனையவற்றைப் பொதிந்திருக்கும், அது பைகோஃபர். அதன் அடியில் இணையாக அமைந்த இரு தகடுகள் அடித்தகடுகள் எனப்படும். உள்ளே, புணர்ச்சியின்போது பெண்ணைப் பற்றிக்கொள்ள உதவும் கொக்கி வடிவான இரு உறுப்புகள் ஸ்டைல்கள். அவ்விரண்டையும் நடு உறுப்போடு பிணைக்கும் சிறு எலும்பு போன்ற பகுதி இணைப்பி. அது பல குழுக்களில் கவைக்கோல் வடிவில் இருக்கும். நடுவே நிற்பது விந்தைக் கொண்டுசெல்லும் குழலாகிய ஈடியாகஸ். நெஃபோடெட்டிக்ஸில் ஈடியாகஸ் தண்டின் இருமருங்கிலும் முட்கள் இணை இணையாக நிற்கின்றன. அம்முட்களின் எண்ணிக்கை, அவை தண்டில் நிற்கும் இடம், தண்டின் அகலம், ஸ்டைலின் நுனி வளைவு ஆகியவை சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுகின்றன. இறக்கைப்புள்ளி இல்லாத வைரசென்ஸ் ஆணும் புள்ளி பெருத்த வைரசென்ஸ் ஆணும் ஈடியாகஸைப் பொறுத்தவரை ஒன்றாகவே இருக்கும்.

இவ்வுறுப்புகளின் பயனை உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் ஓர் இந்தியருக்கும் முக்கிய இடமுண்டு என்பது தமிழ்நாட்டு மாணவர்கள் பலரும் அறியாத செய்தி. ஹேம் சிங் புருதி, உறிஞ்சு வாய்ப் பூச்சிகளின் ஆண் உறுப்பமைப்பைப் பற்றிய விரிவான ஆய்வை 1925இல் வெளியிட்டார். பின்னர் இந்தியத் தத்துப்பூச்சிகளைப் பற்றிய கட்டுரை வரிசையை 1930 முதல் எழுதியபோது, டிஸ்டன்ட் விட்டுச் சென்ற இடத்தில் உறுப்புகளின் வரைபடங்களை நிரப்பினார். அமெரிக்காவில் அதே பணியைச் செய்தவர் ஓஹியோவின் டிலாங். எம்போவாஸ்கா என்னும் பேரினத்துப் பூச்சிகள் பெரும்பாலும் ஒரே சீரான பச்சை; அவற்றில் புள்ளியோ பட்டையோ தேடிப் பயனில்லை. ஆதலால் உருளைக்கிழங்கு, அவரை, ஆப்பிள் எனப் பல பயிர்களில் பிடிக்கப்பட்ட பச்சைப் பூச்சிகள் ஓரிரு பெயர்களின் கீழ் அடங்கிக் கிடந்தன. டிலாங் 1931இல் வெளியிட்ட மீளாய்வில் ஆண் உறுப்புகளையும், வயிற்றின் கடைசியிலுள்ள குதக்குழாயின் கொக்கிகளையும் வரைந்து ஒப்பிட்டபோது, ஒன்றென்று நினைத்தவை பலவாகப் பிரிந்தன. எந்தப் பயிரை எது தாக்குகிறது என்ற பழைய பட்டியல்களை அதன்பின் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. பிரான்சில் ரிபோ 1936இல் இதே முறையில் ஐரோப்பியப் பூச்சிகளுக்கு ஒரு பெருநூல் எழுதினார். பருத்தியைத் தாக்கும் தத்துப்பூச்சியும் எம்போவாஸ்காவுக்கு நெருங்கிய குழுவினதே. இறக்கை நுனியருகே உள்ள இரு கரும்புள்ளிகளால் அதை ஒருவாறு இனம் காணலாம் என்பது அதன் நல்வாய்ப்பு.

உறுப்புகள் இவ்வளவு வேறுபடக் காரணம் என்ன என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. 1844இல் லெயோன் துஃபூர் கூறிய விளக்கம் பூட்டும் சாவியும் என்ற பெயரால் நிலைத்தது: ஒரு சிற்றினத்து ஆணின் உறுப்பு அதே சிற்றினத்துப் பெண்ணோடு மட்டுமே பொருந்துமாறு அமைந்திருப்பதால் கலப்பு தடுக்கப்படுகிறது என்பது அதன் சாரம். வகைப்பாட்டியலாருக்கு இதைவிட உவப்பான கொள்கை வேறில்லை. உறுப்பு வேறானால் இனம் வேறு என்று கண்ணை மூடிக்கொண்டு கூறிவிடலாம். ஆனால் ஆணில் காணப்படும் நுட்பமான முட்களுக்கும் வளைவுகளுக்கும் ஈடான வேறுபாடுகள் பெண்ணின் உடலில் பல குழுக்களில் காணப்படவில்லை. சாவிகள் பல, பூட்டு ஏறத்தாழ ஒன்று. ஆணுறுப்பின் பன்மை பெண் தேர்வின் விளைவாக, அதாவது புணர்ச்சியின்போதும் அதன்பின்னும் பெண் சில ஆண்களின் விந்தை ஏற்றுச் சிலவற்றை ஒதுக்குவதன் விளைவாக, விரைந்து மாறியிருக்கலாம் என்று எபர்ஹார்ட் 1985இல் வாதிட்டார். எவ்விளக்கம் சரியானாலும், நெருங்கிய சிற்றினங்களில் பிற உறுப்புகளைவிட இவ்வுறுப்பே முந்தி வேறுபடுகிறது என்ற அனுபவ உண்மை மாறுவதில்லை. ஆய்வகத்தில் கலப்பு நிகழ முடியும் என்பதும் உண்மையே. வைரசென்ஸையும் நைக்ரோபிக்டஸையும் இணையவைத்துப் பெற்ற கலப்புப் பிறவிகளைப் பற்றியும் அவை துங்ரோவைப் பரப்புவது பற்றியும் லிங் 1968இல் எழுதியிருக்கிறார். கூண்டுக்குள் நிகழ்வது வயலிலும் நிகழ்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது.

உறுப்பை மட்டும் நம்பியதால் வந்த சறுக்கலை யூசெலிஸ் என்னும் ஐரோப்பியப் பேரினம் காட்டுகிறது. அதில் ஈடியாகஸின் வடிவத்தையும் பருமனையும் கொண்டு வெவ்வேறு சிற்றினங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. பிரிவினை நேர்த்தியாகவே இருந்தது. வரைபடங்களில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஜெர்மனியின் முல்லர் 1950களில் அப்பூச்சிகளைச் செடிகளில் வளர்த்து, இளம்பூச்சிகளுக்குக் கிடைக்கும் பகலொளியின் நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார். குறுகிய பகலில் வளர்ந்தவை சிறியனவாகவும் கறுத்தனவாகவும், நீண்ட பகலில் வளர்ந்தவை பெரியனவாகவும் வெளிறியனவாகவும் வந்தன. நிறமும் பருமனும் மட்டுமன்றி ஈடியாகஸின் வடிவமும் அவற்றோடு மாறியது. தாயும் பிள்ளையும் வெவ்வேறு சிற்றினங்களாக எழுதப்படத்தக்க நிலை. வசந்தகாலத் தலைமுறையும் கோடைகாலத் தலைமுறையும் ஒரே பூச்சியின் இரு பருவ வடிவங்கள் என்பது அதனால் தெளிவாயிற்று. இதைக் கண்டறிய நுண்ணோக்கி போதவில்லை. பூச்சியை உயிரோடு வைத்து, ஒரு தலைமுறையேனும் பார்த்திருக்க வேண்டியிருந்தது.

ஒட்டுண்ணிகளும் இதே போன்ற ஏமாற்றத்தைச் செய்கின்றன. பெருந்தலை ஈக்கள் என்று சொல்லத்தக்க பிபங்குலிடே குடும்பத்து ஈக்களின் புழுக்களும், ஸ்ட்ரெப்சிப்டெரா என்னும் முறுக்கிறக்கைப் பூச்சிகளும் தத்துப்பூச்சியின் வயிற்றுக்குள் வளர்கின்றன. இளம் பருவத்திலேயே இவற்றுக்கு இடம் கொடுத்த ஆண், வளர்ந்தபின் சுருங்கிய, முள் குறைந்த ஈடியாகஸோடு வெளிவரலாம். சில பூச்சிகளில் ஆணின் நிறமும் பெண்ணின் நிறத்தை நோக்கி நகர்கிறது. வயிற்றைக் கரைசலில் இடும் முன் அதில் புழுவோ அதன் எச்சமோ உள்ளதா என்று பாராதவர், நோயுற்ற ஒரு மாதிரியைப் புதிய சிற்றினமாக எழுதிவிடக் கூடும். ஒரே மாதிரியை மட்டும் வைத்துப் புதிய பெயர் சூட்டும் ஆசைக்கு இதைவிட நல்ல தடை இல்லை.

உயிரோடு பார்ப்பது என்றால் கேட்பதையும் அதில் சேர்க்க வேண்டும். தத்துப்பூச்சிகள் சில்வண்டுகளின் உறவினர்கள். ஆனால் அவற்றின் ஒலி காற்றில் பரவி மனிதச் செவிக்கு எட்டுவதில்லை. வயிற்றின் அடிப்பகுதியிலுள்ள டிம்பல் என்னும் மெல்லிய சவ்வுத்தகடு அதிர, அவ்வதிர்வு கால்கள் வழியே தாவரத் தண்டில் இறங்கி, அதே தண்டில் அமர்ந்திருக்கும் இணையைச் சென்றடைகிறது. ஸ்வீடனின் ஓசியன்நில்சன் 1949இல் இதை விரிவாக எழுதினார். அழைப்பின் தாளம் சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபடுவதால், உறுப்பமைப்பில் ஏறத்தாழ ஒன்றாக இருப்பவைகூட அழைப்பால் பிரிந்து நிற்கின்றன. இணை தேடும் பூச்சி தன் இனத்தை அறிவது ஈடியாகஸின் முட்களை எண்ணி அன்று. உடற்கூறு பயில்வோருக்கும் இதில் ஒரு பயன் உண்டு. டிம்பலை இயக்கும் தசைகள் பற்றிக்கொள்ளும் உள்முனைப்புகள் வயிற்றின் முதலிரு கண்டங்களில் உள்ளன. அவற்றின் நீளமும் வடிவமும், குறிப்பாக எம்போவாஸ்கா போன்ற ஒரே நிறப் பூச்சிகளில், ஈடியாகஸுக்கு அடுத்த நம்பத்தகுந்த குறியாக விளங்குகின்றன. வயிற்றை அவசரத்தில் பாதியோடு ஒடித்தெடுப்பவர் இக்குறியை இழந்துவிடுகிறார்.

மரபணு வரிசையைக் கொண்டு பிரிக்கும் முறைக்கு இப்போது வந்தால், மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட பகுதியைப் படித்து, அதை ஏற்கெனவே சேகரித்து வைத்த வரிசைகளோடு ஒப்பிடுவதே அதன் வழி. இளம்பூச்சியையும் பெண்ணையும் ஒடிந்த காலையும்கூட இதனால் அடையாளம் காண இயலும் என்பது உடற்கூற்று முறையால் ஒருபோதும் தர முடியாத வசதி. ஆனால் ஒப்பிடும் வரிசைக்குப் பெயர் வைத்தவர் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. அப்பெயர் தவறானால் பொறி அத்தவற்றை நூறு மடங்கு வேகத்தில் பெருக்கும். கிழக்காசியத் தேயிலைத் தோட்டங்களின் பச்சைத் தத்துப்பூச்சி இதற்கு எடுத்துக்காட்டு. சீனத்தில் அது ஐரோப்பியப் பெயரான எம்போவாஸ்கா வைட்டிஸ் என்றும், தைவானில் ஜேக்கோபியாஸ்கா ஃபார்மோசானா என்றும், ஜப்பானில் மாட்சுடா 1952இல் சூட்டிய எம்போவாஸ்கா ஓனுக்கி என்றும் வழங்கியது. இத்தனைக்கும் தைவானின் புகழ்பெற்ற தேநீர் வகை ஒன்றின் மணத்துக்கு இப்பூச்சி கடித்த தளிரே காரணம் என்பதால் பொருளாதாரத்தில் அது சிறிய பூச்சியன்று. சீன, ஜப்பானிய மாதிரிகளின் ஆண் உறுப்புகளை நேருக்கு நேர் ஒப்பிட்டு 2015இல் வெளிவந்த ஆய்வு, சீனத் தோட்டங்களிலிருந்தவையும் ஓனுக்கியே என்று காட்டியது. மரபணு வரிசைகள் மலிந்த காலத்திலும் பெயரை நிலைநாட்டியது பழைய கத்தியும் கிளிசரினும்தான்.

இந்தியாவில் இம்முறை உயிர்ப்போடு தொடர்வதற்குப் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் விரக்தமத் நெடுங்காலம் ஆற்றிய பணி முக்கியக் காரணம். மாமரத்தின் பூங்கொத்துகளை வாட்டும் தத்துப்பூச்சிகளில் அவர் செய்த பிரிவினைகள் அதற்கு ஒரு சான்று. மாவில் பொதுவாகக் காணப்படும் அம்ரிடோடஸ் அட்கின்சோனி, இடியோஸ்கோபஸ் கிளைபியாலிஸ், இடியோஸ்கோபஸ் நிவியோஸ்பார்சஸ் ஆகிய மூன்றையும் 1889இல் லெத்தியரி விவரித்தார். இவற்றுள் கடைசியானது பல நூல்களில் நிடிடுலஸ் என்ற பெயரிலும் வழங்குகிறது. பருமனாலும் இறக்கைகளுக்கு நடுவேயுள்ள முக்கோணத் தகட்டின் புள்ளிகளாலும் இம்மூன்றைத் தோட்டத்திலேயே பிரித்துவிடலாம். ஆனால் அவற்றை ஒத்த பிற சிற்றினங்களும் மாவில் உண்டு என்பதால், புள்ளியோடு நின்றுவிடுவது இங்கும் போதாது.

பெண் பூச்சிகளின் நிலை இன்னும் தீராத வழக்கு. பெண்ணின் வயிற்றடியில் ஏழாம் கண்டத் தகட்டின் பின்விளிம்பு சில பேரினங்களில் நேராகவும் சிலவற்றில் நடுவில் வெட்டுப்பட்டும் இருப்பதைக் கொண்டு ஒருவாறு பிரிக்கலாம். முட்டையிடும் உறுப்பின் பற்களையும் சிலர் பயன்படுத்துகின்றனர். நெருங்கிய சிற்றினங்களில் இவை இரண்டும் அடிக்கடி கைகொடுப்பதில்லை. ஆனால் நோய்ப்பரவல் சோதனையில் செடிமேல் விடப்படுபவற்றில் பெண்களும் அடங்கும். எந்தப் பெண் எந்த இனம் என்று தெரியாமல் சோதனையின் முடிவுக்குப் பொருளில்லை. இதற்கு ஆய்வகங்கள் கையாளத்தக்க நேர்மையான வழி ஒன்றுண்டு. வயலில் பிடித்த, ஏற்கெனவே புணர்ந்த ஒரே பெண்ணைத் தனிக் கூண்டில் நெல் நாற்றோடு விட்டு, அதன் முட்டைகளிலிருந்து வரும் சந்ததியை மட்டும் வளர்த்து, அச்சந்ததியின் ஆண்களுள் சிலவற்றை அறுத்து ஈடியாகஸைப் பார்க்க வேண்டும். மகன்களின் உறுப்பால் தாய்க்குப் பெயர் தெரியும். சோதனைக்கு அதே கூண்டின் மகள்களைப் பயன்படுத்தலாம். அறுத்த மகன்களும், இறந்தபின் தாயும், நாளும் ஊரும் எழுதிய சீட்டுடன் ஒரே பெட்டியில் சேர்த்து வைக்கப்பட்டால், ஐம்பது ஆண்டு கழித்துப் பெயர் மாறினாலும் அச்சோதனையைத் திருத்தி எழுதிக்கொள்ள இயலும்.